இருவரும் ‘ஓம்’ சொல்லும் கேள்வி

வியாழக்கிழமை காலை கல்முனைச் சந்தையில் மீன்காரரோடு விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றபோது, எங்கள் மத்தியஸ்த சபையின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்து மூன்று செய்திகள் வந்தன. முதலாவது: “ஆதம்பாவா சேர் காலமானார்.” இரண்டாவது: “யார் இப்படிப் பொய்ச் செய்தி போடுவது? நேற்றுப் பின்னேரம் அவரோடு கதைத்தேன், தெளிவாகப் பேசினார்.” மூன்றாவது: “ஜனாஸா நல்லடக்கம் இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நிந்தவூரில்.” பையைக் கீழே வைத்துவிட்டு மூன்றையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்றில் ஒன்று பொய் என்றால் அது எது? முதலாவது பொய்யாக இருக்க ஏதாவது வழி உண்டா? பல வருடங்களாக அந்த மனிதரோடு உண்மை பொய்ப் புதிர் போட்டுப் பழகிய புத்தி, அவருடைய மரணச் செய்தியையும் அப்படித்தான் வாசித்தது. நேற்றுத் தெளிவாகப் பேசியதும் உண்மைதான், இன்று இல்லை என்பதும் உண்மைதான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டவே இல்லை. மீனை வாங்காமல் நிந்தவூர் பஸ் ஏறினேன்.

சபையில் அவரோடு இருந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தபால் அதிபர். வேலிச் சண்டை, வாய்த்தர்க்கம், வயல் எல்லை என்று நீதிமன்றம் போகுமுன் வரும் சில்லறைப் பிணக்குகளை விசாரிக்க, சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று மூன்று பேராக உட்காருவோம். அதில் பெரும்பாலும் அவர் நடுவில், நான் இடது பக்கம். நான் கல்முனையில் மெதடிஸ்த கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பவள், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எனக்கு வாய் நீளம், பொறுமை கட்டை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை “டீச்சர்” என்பார், நான் அவரை “சேர்” என்பேன். கடைசி வரையும் அதில் மாற்றமில்லை.

முதல் சனிக்கிழமை, பிணக்குக்காரர் வரத் தாமதமானது. நான் பொறுமையிழந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து கிழித்த கலண்டர் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் நீலப் பேனையால் எழுதி என் பக்கம் தள்ளினார். ஒரு வயலின் வரம்பை மூவரில் ஒருவர் வெட்டித் தண்ணீரை வடியவிட்டிருக்கிறார். முதலாமவர் சொல்கிறார், “இரண்டாமவர்தான் வெட்டினார்.” இரண்டாமவர், “நான் வெட்டவில்லை.” மூன்றாமவர், “நானும் வெட்டவில்லை.” ஒருவர் மட்டுமே உண்மை சொல்கிறார். வெட்டியது யார்?

நான் உடனே, “ரெண்டாவது ஆள்” என்றேன்.

“எப்படி?”

“மூஞ்சையப் பாத்தாத் தெரியாதா?”

“தாளில மூஞ்சி இல்லையே டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்கத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேநீர் ஆறும்வரை அந்தத் தாளோடு இருந்தேன். முதலாமவரும் இரண்டாமவரும் நேரெதிராகச் சொல்கிறார்கள். இருவரும் ஒன்றாக உண்மை சொல்லவும் முடியாது, ஒன்றாகப் பொய் சொல்லவும் முடியாது. ஆகவே இருக்கிற ஒரேயொரு உண்மை அந்த இருவருக்குள் முடிந்துவிடுகிறது. மூன்றாமவர் சொன்னது பொய், வெட்டியது அவர்தான். விடையைச் சொன்னபோது தலையை ஆட்டினார். “பொய்யத் தேடப்படா டீச்சர். ஒண்டோட ஒண்டு முட்டுற இடத்தத் தேடணும். பொய் தானா வெளிய வரும்.” அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவர் ஒரு தாள் தருவார், நான் ஒரு தாள் கொடுப்பேன். குத்துமதிப்பாக விடை சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சரியாக இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். “காரணம் இல்லாத சரியும் பிழைதான்” என்று சொல்லி ஒருமுறை இரண்டு வாரம் எனக்குப் புதிரே தரவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு சிறுபிள்ளைத்தனம்!

அந்தப் பைத்தியத்தால் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதியாக வேண்டும். முதல் புதிர் தந்த அதே நெற்போகத்தில் எங்களிடம் உண்மையாகவே ஒரு வரம்புப் பிணக்கு வந்தது. இரண்டு மச்சான்மார். விதைத்த வயலில் தண்ணீர் வடிந்துபோனதற்கு ஒருவர் மற்றவரைக் குற்றம் சொன்னார், மற்றவர் இல்லையென்றார். பக்கத்து வயற்காரர் ஒரு முதியவர், சாட்சிக்கு வந்தவர், கேட்காமலே “நானும் தொடயில்ல” என்றார். என் தலைக்குள் கலண்டர் தாள் விரிந்தது. எழுந்து நின்று அந்த முதியவரைப் பார்த்து, “அப்ப வரம்ப வெட்டினது நீங்கதான்” என்று சொல்லிவிட்டேன். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்தார், வெளியே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, நீர்ப்பாசனம் பார்க்கும் வட்டவிதானை போய்ப் பார்த்தபோது வரம்பை எவருமே வெட்டவில்லை என்று தெரிந்தது. நண்டு வளை. தண்ணீர் அரித்து அரித்து வரம்பு தானாக உடைந்திருக்கிறது.

ஆதம்பாவா சேர் என்னை ஏசவில்லை. அது தெரிந்த அடுத்த நாள் பின்னேரம் ஒரு ஆட்டோவில் தன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “வாங்க டீச்சர், அந்த ஆள்ட வீட்டுக்குப் போய்த்து வருவம்.” மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவர் நகர்ந்து எனக்கு இடம்விட்டார். போகும் வழியில் சேர் முன்னால் இருந்தபடியே சொன்னார். “புதிர்ல, யாரோ ஒருத்தன் வெட்டினான் எண்டு முதல் வரியிலயே எழுதி இரிக்கி. இஞ்ச அப்படி யார் எழுதித் தந்த?” கொஞ்சத் தூரம் போனபிறகு இன்னொன்றும் சொன்னார். “புதிர்ல வாற பொய்யன் விடிஞ்சா பொழுதுபட்டா பொய்தான் சொல்லுவான். மனிசன் பாவம் டீச்சர், அவனால அப்படி ஒழுங்கா இரிக்க ஏலா.” காரைதீவில் அந்த முதியவரின் முற்றத்தில் நான் மன்னிப்புக் கேட்டேன். “நான் தொடயில்ல எண்டுதானே மகள் சொன்னனான்” என்றார் அவர். அவ்வளவுதான். இளநீர் வெட்டித் தந்தார்.

கடந்த வருட இறுதியில் சேருக்குச் சாப்பாடு செல்லாமல் போனது. கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். திரும்பி வந்த அன்று அவருடைய மகள் ஸிஹானா எனக்குத் தொலைபேசியில் அழுதாள். வயிற்றில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது, செய்ய ஒன்றுமில்லை. “வாப்பாட்ட அல்சர் எண்டுதான் சொல்லி இரிக்கம். நீங்களும் அதயே சொல்லுங்க டீச்சர். உங்கட வாயத்தான் அவர் நம்புவாரு.” எங்கள் பக்கத்தில் இப்படித்தான். தமிழ் வீடென்றாலும் முஸ்லிம் வீடென்றாலும், நோயாளிக்கு மட்டும் நோயின் பெயர் தெரியாது. சரி, பிழை கேட்க எனக்கு அப்போது மனம் வரவில்லை. “ஓம் மகள்” என்று ஒப்புக்கொண்டேன்.

முதல்முறை போனபோது நன்றாக நடித்தேன். “அல்சர்தானே சேர், உறைப்பை விடுங்க, சரியாயிரும்” என்றேன். அவரும் “ஓம், உறைப்பத்தான் விடணும்” என்றார். இரண்டாம்முறை போனபோது ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ராத்தா தேநீர் போட உள்ளே போனார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கலண்டர் தாள்கள் கிடந்தன, பேனை பிடிக்கக் கைக்குப் பெலமில்லை. “டீச்சர், ஒரு கேள்வி கேக்கட்டா? ஒண்டே ஒண்டு” என்றார். ஒரேயொரு கேள்வியில் பொய்யனைப் பிடிக்கும் புதிர்கள் அவரிடம் டசின் கணக்கில் இருந்தன. அவர் கேட்டால் நான் தப்பமுடியாது.

“நீங்க உண்மை பேசுற ஆள்தானே?”

“ஓம் சேர்” என்றேன்.

“அது போதும்” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சபையில் யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்தார். நான் தேநீரைக் குடித்துவிட்டு, தப்பினேன் பிழைத்தேன் என்று பஸ் ஏறினேன்.

காரைதீவு தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையே பேசுகிறவரிடம் “நீங்கள் உண்மை பேசுகிறவரா” என்று கேட்டால் ஓம் என்பார். பொய்யே பேசுகிறவரிடம் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வார். அந்தக் கேள்வியால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. புதிர் பழகத் தொடங்குகிற எவரும் முதல் நாளில் கேட்கும் மடத்தனமான கேள்வி அது. நானும் கேட்டு அவரிடம் பகிடிக்கு ஆளானவள்தான். அப்படிப்பட்ட கேள்வியை ஆதம்பாவா சேர் தெரியாமல் கேட்பாரா? அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் பொய் சொல்லிக்கொண்டு அவர் முன்னால் தவிப்பதும் தெரிந்திருந்தது. பிடித்துவிடக்கூடிய கேள்விகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, நான் என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்ளாத ஒரு கேள்வியாகப் பார்த்துத் தந்திருக்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் “என்னம்மா, சுகமில்லையா?” என்று கேட்கும்வரை நான் அழுவது எனக்கே தெரியவில்லை.

இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போயிருக்க வேண்டும். போய், “சேர், நான் பொய் சொன்னனான்” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரப் பயணம். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பதினொரு நாள் வீட்டில் இருந்தேன். வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில்தான் சந்தையில் அந்த மூன்று செய்திகளும் வந்தன.

ஜனாஸா அன்று வீடு நிறைந்த சனம். ராத்தாவோடு பேசக் கிடைக்கவில்லை. ஒரு கிழமை கழித்துப் போனேன். கணவன் இறந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ராத்தா வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தார். பெண்கள் போய்ப் பார்க்கலாம். கதவைச் சாத்தச் சொன்னார்.

“அவருக்குத் தெரியும் டீச்சர்” என்றார்.

“எப்ப இருந்து ராத்தா?”

“கொழும்பால வந்த அண்டைக்கே. மகன், ரிப்போட்ல வெறும் அல்சர்தானாம் வாப்பா எண்டான். எனக்கிட்ட அவன் முன்னுக்கே சொல்லி வைக்கல்ல. நான், ரிப்போட் இன்னும் வரல்லயாம் எண்டு சொல்லிட்டன். அவரு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. சிரிச்சாரு. புள்ளைகள் போன பொறகு எனக்கிட்டச் சொன்னாரு, எனக்குத் தெரியும் எண்டு புள்ளைகள்ட்டச் சொல்லிராத, என்ன ஏமாத்துறம் எண்ட தைரியத்திலதான் அதுகள் நிக்கிதுகள் எண்டு.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “புள்ளைகளுக்காக அவருக்கு முன்னால நடிச்சன். அவருக்காகப் புள்ளைகளுக்கு முன்னால நடிச்சன். மூணு மாசம். எங்க போய் அழுற டீச்சர்? கிணத்தடியிலதான் அழுதன்.”

நான் என் ஒரு பொய்யைச் சுமக்க முடியாமல் பதினொரு நாள் ஒளிந்திருந்தேன். இந்தப் பெண் இரண்டு பக்கத்துப் பொய்யையும் ஒருத்தியாகச் சுமந்துகொண்டு எனக்குத் தேநீர் போட்டுத் தந்திருக்கிறார்.

“அவருக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும் ராத்தா” என்றேன். “பஸ்ஸில வைச்சு விளங்கினது. திரும்பி வரப் பயந்திட்டன்.”

ராத்தா என் கையைப் பிடித்தார். “உங்களப் பத்தியும் அண்டைக்கு என்ட காதுக்குள்ள சொன்னாரு. டீச்சருக்குப் பொய் சொல்ல வராது, பாவம், வேர்க்குது, ஃபேனக் கூட்டிவிடு எண்டாரு.” சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். கதவு சாத்தியிருந்ததால் யாருக்காகவும் நிறுத்தத் தேவையிருக்கவில்லை.

அவர் எழுதிய கலண்டர் தாள்களை ஸிஹானா ஒரு பையில் போட்டுத் தந்திருக்கிறாள். நிறைய இருக்கின்றன, சிலவற்றுக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. ஆனால் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்று நான் வைத்திருப்பது அந்தப் பையை அல்ல. பொய்யைக் கண்டுபிடிக்கும் வித்தையைச் சபையில் எல்லோரும் அவரிடம் பார்த்தோம். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதை அவர் எனக்கு மட்டும், என் மேலேயே செய்து காட்டினார். அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல எனக்குப் பதினொரு நாள் இருந்தது.