வத்திராயிருப்புக்காரி

எண்பதுகளில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு, வானொலிக்குத் தபால் அட்டை போட்டுப் பாட்டுக் கேட்பது ஒரு பைத்தியம். பாட்டுக்கு முன்னால் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். வம்பே அதில்தான். ஒரு பையன் பெயரோடு சேர்ந்து வந்துவிட்டால் இராஜபாளையத்தில் அந்தப் பெண் வெளியே தலைகாட்ட முடியாது.

பக்கத்து வீட்டில் இருந்த என் தோழி கில்லாடி. ஒரு பூவின் பெயரை வைத்துக்கொண்டாள். ஊரையும் வத்திராயிருப்பு என்று மாற்றிவிட்டாள். எங்கள் தபால்காரர் அட்டையைப் படித்துக்கொண்டே நடக்கிற மனுஷன். அதனால் கோயிலுக்கு என்று சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, அங்கே பெட்டியில் போடுவோம். அட்டையில் அவள் பெயரோடு எப்போதும் ஒரு பையன் பெயரையும் எழுதுவாள். அதுவும் பொய்ப் பெயர்தான்.

"ஏட்டி, யாருட்டி அவன்?"

"ஒனக்குத் தெரிஞ்சா முழிச்சே காட்டிக் குடுத்துருவ. எங்கம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது. எந்தலை மேல சத்தியம் பண்ணு."

அவள் உச்சந்தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எண்ணெய் பிசுபிசுத்தது.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். பாவி, பதினாறு வயது.

அவளுடைய அம்மா பேண்டேஜ் துணி சுருட்டும் வேலையை வீட்டில் வைத்துச் செய்வார். துணைக்கு நானும் போய் உட்காருவேன். ஒரு மத்தியானம் ரேடியோவில் வத்திராயிருப்பு என்றார்கள். அவளுடைய பூப்பெயர். பக்கத்தில் அந்த இன்னொரு பெயர். செத்துப்போனவள் எப்படி அட்டை போடுவாள்? பிறகுதான் புத்திக்கு எட்டியது, அவன் தனியாக இரண்டு பெயரையும் எழுதி அட்டை போடுகிறான்.

அதன்பின் வருஷக்கணக்காக அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன், இவனா அவனா என்று. அவள் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுக்கும். சத்தியம் செய்த தலையே இல்லையே, இனி யாருக்கு என்ன ஆகிவிடும்? ஆனாலும் உள்ளங்கையில் அந்த எண்ணெய்ப் பிசுபிசுப்பு வந்துவிடும். வாயை மூடிக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம், ஒருநாள் மறுபடி வாசித்தார்கள்.

"கொஞ்சம் சத்தமா வையி தாயி, எம்மக முணுமுணுத்துக்கிட்டே திரிவாளே, அந்தப் பாட்டு" என்றார் அவள் அம்மா. கை துணியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. "இந்த வத்திராயிருப்புக்காரிக்கும் இதுதான் பிடிக்கும் போல. யாரு பெத்த பிள்ளையோ, அவளாவது நூறு வயசு இருக்கட்டும்."

நான் எழுந்துபோய் சத்தத்தைக் கூட்டினேன்.