மூன்று பீப்பாயும் இரண்டு பூட்டும்

மரப் பீப்பாயில் முதிர வைத்த பிராந்தி குறையும். அப்படிக் குறைவது இயற்கை. ஓர் அளவுக்கு உட்பட்டிருந்தால் அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. விதி இதைத்தான் சொல்கிறது. விதியின் எண்ணை இங்கே எழுதமாட்டேன்; எழுதினால் யாராவது அதையும் திருத்திவிடுவார்கள். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த விதி இருந்தது. இன்றும் இருக்கிறது. அதை ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று கேட்பதற்காகத்தான் ஒரு கோடை முழுக்க அலைந்தேன்.

மதுவுக்குக் காவல் நிற்கும் ஒரு துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். துறையின் பெயர் வேண்டாம். ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. கடைசி ஆண்டுகளில் மைசூரை விட்டு நஞ்சன்கூடு போகும் சாலையில், பிராந்தி வடிக்கும் ஒரு சிறிய ஆலையில் என்னைப் போட்டிருந்தார்கள். சரக்குக் கிடங்கின் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஆலைக்காரரிடம், இன்னொன்று அரசாங்கத்திடம், அதாவது என் சட்டைப் பையில். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒருவரை ஒருவர் நம்பக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தினமும் காலையில் ஒரே கதவுக்கு முன்னால் இரண்டு பேரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம்.

ஆலைக்காரர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர், அண்ணா என்பேன். அவர் இன்றுவரை என்னை 'ஆபீசரே' என்றுதான் கூப்பிடுகிறார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

நம் கடைகளில் பிராந்தி என்று விற்பதில் பெரும்பாலானது திராட்சையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் எடுத்த சாராயம், கருக்கிய சர்க்கரையின் நிறம், கொஞ்சம் வாசனை எஸன்ஸ். காலையில் கலந்து சாயங்காலம் லாரியில் ஏற்றலாம். அது குறைவதில்லை. அதனால் அதன்மேல் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை. என் காலத்தில் அதற்கு எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எல்லாம் விதிப்படி.

அண்ணா செய்தது வேறு. திராட்சையைப் பிழிந்து புளிக்க வைத்தால் முதலில் கிடைப்பது மெலிந்த, புளித்த ஒயின். குடிக்க லாயக்கில்லை. அதைச் செப்புப் பானையில் ஊற்றி மெல்லக் காய்ச்சினால் கலங்கலாக ஒரு வடிப்பு வரும். அதை மறுபடியும் பானையில் ஊற்றி, முன்னைவிட மெல்லக் காய்ச்ச வேண்டும். இந்த இரண்டாம் வடிப்பில் முதலில் வருவது தலை. நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தின் நெடி. கடைசியில் வருவது வால்; மழையில் நனைந்த சாக்கின் வாடை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுத்தால் அதுதான் பிராந்தி. எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது என்பதற்குக் கருவி உண்டு. அண்ணா அதைப் பார்ப்பார், ஆனால் நம்ப மாட்டார். இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்வார்.

"இன்னும் தலை போகலீங்க ஆபீசரே. உங்க மேலதிகாரி மாதிரி, போறேன் போறேன்னு சொல்லிப்போட்டு வாசல்லயே நிக்குது."

நடுப்பகுதி தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். நிறமும் குணமும் ஓக் பீப்பாய் தருவது. அதற்கு ஆண்டுகள் ஆகும். மரம் மூச்சு விடும். விடும்போது கொஞ்சம் பிராந்தி காற்றில் போகும். குளிர் நாடுகளில் மெதுவாகப் போகும், நம் வெயிலில் வேகமாகப் போகும். அதனால் சிவராத்திரி கழிந்ததும் அண்ணாவுக்கு ஒரு வேலை தொடங்கிவிடும். தினமும் காலையில் கிடங்கின் தரையில் தண்ணீர் தெளிப்பார். கோணிகளை நனைத்துப் பீப்பாய்களின்மேல் போர்த்துவார். இரும்பு வளையங்களைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். காய்ந்தால் பலகை சுருங்கும், சுருங்கினால் ஒழுகும். மழை வரும்வரை ஒரு நாள்கூட விடமாட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு, என் சாவி திறந்து கடைசியாக நிரப்பியவை மூன்று பீப்பாய்கள். பிறகு வந்த சரக்கையெல்லாம் அவர் விற்றார். அந்த மூன்றைத் தொடவில்லை. வாழ்நாளில் வெட்டியதிலேயே அதுதான் சரியான வெட்டு என்பது அவர் கணக்கு. போன பொங்கலன்று சொன்னார்:

"இந்தத் தீபாவளிக்குத் தொறந்து மூணையும் கலந்து பாட்டில்ல அடைச்சுப்போடலாமுங்க. மூக்கு மங்கிக்கிட்டு வருது. கலக்கறதுக்காவது அது வேணுமில்லீங்களா?"

அடுத்த வாரமே புதிய அதிகாரி சோதனைக்கு வந்தார். இளைஞர், இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பையன்; பேச்சில் கன்னடம் கலக்கும், 'என்ன' என்பதற்கு 'ஏனு' என்பார். காபி குடிக்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். அவர் பீப்பாய்க்குள் அளவுகோலை விட்டு எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார்.

"கம்மி இருக்குது சார்."

"கம்மியாத்தான் இருக்கும் தம்பி," என்றேன் நான்.

"எங்க போச்சு?"

"காத்துல போச்சு. வருஷா வருஷம் போகும். அதுக்குன்னு விதியே இருக்கு. இது அந்த அளவுக்குள்ளதான்."

"காத்துல போனதுக்கு ப்ரூஃப் ஏனு சார்?"

அண்ணா சிரிக்காமல் சொன்னார்: "காத்தைப் புடிச்சு மிசின்ல ஊதச் சொல்லுங்க தம்பி. குடிச்சிருக்குதா இல்லையான்னு தெரிஞ்சுபோகும்."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அறிக்கையில் சிரிப்புக்கு இடமில்லை. குறைவு என்று எழுதி மேலே அனுப்பினார். மேலேயிருந்து உத்தரவு வந்தது: விசாரணை முடியும்வரை கிடங்கை முத்திரையிட்டு மூடுக, மேற்கொண்டு குறையாமலிருக்கச் சரக்கை எவர்சில்வர் தொட்டிக்கு மாற்றலாமா என்று ஆராய்க. எவர்சில்வர் தொட்டி! அதில் குறையாது, உண்மைதான். முதிரவும் முதிராது. பிணத்துக்குக்கூடத்தான் வயதாவதில்லை.

இரண்டு பூட்டுக்கும் மேலே அரக்கு வைத்துத் துணிப்பட்டி ஒட்டினார்கள். அன்றே நான் மனு எழுதினேன். விசாரணை எத்தனை நாள் வேண்டுமானாலும் நடக்கட்டும், ஆட்சேபமில்லை. ஆனால் கோடை தொடங்குமுன், அதிகாரி பக்கத்தில் நிற்க, கோணியை நனைத்து வளையத்தை இறுக்க மட்டும் அனுமதி தேவை. அவ்வளவுதான் கேட்டோம். மனுவை அண்ணா கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனேன். நான் இருபது வயதில் சேர்ந்தபோது இருந்த அதே மாதிரி அலுவலகம். அதே பச்சை மேசை விரிப்பு. தபால் பிரிவில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார், நாற்காலி போட்டார், காபி சொன்னார். மனுவைத் தவிர எல்லாவற்றையும் நகர்த்தினார்.

"ஃபைல் மேலே ஹோகிதெ சார்."

கோப்பு மேலே போயிருக்கிறதாம். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். அவர் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினார். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அவருக்குத் தெரிந்த மேல் அதுதான். அடுத்த முறை போனபோது கோப்பு பெங்களூருக்குப் போயிருந்தது. அதற்கடுத்த முறை, சட்டக் கருத்துக்காகக் காத்திருந்தது. கோணியை நனைப்பதில் சட்டக் கருத்து! விதிப் புத்தகத்தின் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். வாங்கி, துளையிட்டு, கோப்பில் சேர்த்தார்கள். யாரும் படிக்கவில்லை. படித்திருந்தால் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

சிவராத்திரி போயிற்று. யுகாதி போயிற்று. சாமுண்டி மலைப் புல்லெல்லாம் கருகிப்போன ஒரு காலையில் அண்ணா போன் செய்தார். "வாங்க ஆபீசரே," என்றார்.

ஆலை வாசலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், பழைய மர அலமாரியைத் திறந்தால் வரும் வாசனை. அத்தனை ஆண்டுகள் காத்திருந்து ஒரு தம்ளருக்குள் முகர வேண்டியது, வெட்டவெளியில் லாரிகளுக்கும் காக்கைகளுக்கும் வீசிக்கொண்டிருந்தது. கிடங்குக் கதவின் அடியில் ஈரம் ஒரு கோடாக வெளியே வந்திருந்தது.

அதிகாரித் தம்பியும் வந்திருந்தார். அரசாங்கச் சாவி அவர் பேண்ட் பைக்குள் இருந்தது. அதன் வடிவம் துணிக்கு மேலேயே தெரிந்தது.

"திறங்க தம்பி. பீப்பாய் ஒழுகினா அதிகாரி திறந்து சரக்கைக் காப்பாத்திட்டு, அப்புறம் மேல எழுதலாம். அதுக்கும் விதி இருக்கு. பக்கம் சொல்லட்டுமா?"

"விதி இருக்குது சார். சீல் மேல இருந்து வெச்சது. நான் உடைச்சா என் வேலை ஹோகும். நீங்க ரிடையர்டு சார், உங்களுக்கு ஏனு?"

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஒரு காகிதத்தைக்கூட வரிசை மாற்றி வைக்காதவன் நான். பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து அண்ணாவிடம் நீட்டினேன். "உடைங்க அண்ணா. கேஸ் வந்தா நான் உடைச்சேன்னு சொல்றேன்."

அண்ணா வாங்கவில்லை.

"வேண்டாமுங்க. ரெண்டு சாவியும் சேராம இந்தக் கதவைத் தொட்டதில்லைன்னுதானுங்க நான் இத்தனை வருஷம் தொழில் பண்ணினேன். இன்னைக்கு உடைச்சா, அந்தக் குறைஞ்சது மொத்தமும் நான் குடிச்சதுன்னு எழுதிப்போடுவானுங்க. பிராந்தி போனாப் போவட்டும்."

பிறகு தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து, கிடங்கின் வெளிச்சுவரில் தண்ணீர் பீய்ச்சத் தொடங்கினார். சுவருக்கு அப்பால் இருக்கும் பீப்பாய் மரத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தம்பி ஷூவோடு சேற்றில் இறங்கி, பின்னால் நின்று குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அது என் கோபத்தை இன்னும் அதிகமாக்கியது. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவன்மேல் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

அதன் பிறகு தினமும் காலையில் அண்ணா சுவரை நனைத்தார். வாசனை நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு நாள் நின்றது.

மனுவுக்குப் பதில் வந்ததும், தம்பியும் சாவியோடு வர, கதவைத் திறந்தோம். முதல் பீப்பாயைத் தட்டினால் வெற்றுக் குடம்போல ஒலித்தது. இரண்டாவதில் பாதிக்கும் கீழே. மூன்றாவது மட்டும், மூலையில் வெயில் படாத பக்கம் இருந்ததால், தப்பியிருந்தது. அண்ணா குழல் விட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்தார். சின்னத் தம்ளர், ஐஸ் இல்லை, சோடா இல்லை. உள்ளங்கையில் தம்ளரைப் பொத்திச் சூடு ஏற விட்டு, வாயைத் தொடுமுன் மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் முகர்ந்தார்.

"எப்படி இருக்கு அண்ணா?"

"நல்லாத்தானுங்க இருக்குது. மத்த ரெண்டும் இதுகூடச் சேர்ந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு இனிமேல் யாருக்கும் தெரியாது."

நானும் குடித்தேன். முதலில் தேன், பிறகு வறுத்த முந்திரி, விழுங்கிய பின்னும் நெஞ்சில் ஒரு மெல்லிய சூடு. என் வாழ்நாளில் குடித்ததிலேயே சிறந்தது. அதைச் சபித்துக்கொண்டேதான் குடித்தேன்.

பதில் ஒரே பக்கம். நான் எழுதிய மனுவின் வாசகத்தையே எடுத்து, எழுத்து மாறாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள்: கோடை தொடங்குமுன், அதிகாரி முன்னிலையில், கோணிகளை நனைக்கவும் வளையங்களை இறுக்கவும் அனுமதிக்கப்படுகிறது. அந்தத் தபால் அண்ணாவின் கைக்கு வந்தபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தேதி, ஜூன் பதினொன்று.