நாலாவது கிளாஸ்

பஸ்ரியாம்பிள்ளையின் மூக்கைப் பற்றிக் கரம்பொன்னில் தெரியாதவர் இல்லை. கருவாட்டுக் கூடையைத் திறக்காமலே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த மூக்கு பழகியது கருவாட்டில் அல்ல. இருபத்திரண்டு வருஷம் வெள்ளைக்காரக் கப்பலொன்றில் சாப்பாடு பரிமாறியவர். அந்தக் கப்பலின் தலைமை எஞ்சினியர் ஸ்கொட்லாந்துக்காரர். தம் நாட்டு மால்ற் விஸ்கிகளை வரிசையாக ஊற்றி வைத்து, எது எந்தப் பீப்பாவில் கிடந்தது என்று பஸ்ரியாம்பிள்ளையோடு பந்தயம் பிடிப்பார். வடிக்கும்போது எந்த விஸ்கியும் தண்ணீர் நிறம்தான்; நிறமும் பாதி வாசமும் பிறகு பீப்பா மரம் கொடுப்பது. ஷெரி வைன் இருந்த பீப்பாவில் வருஷக்கணக்காகக் கிடந்தால் நத்தார்ப் பண்டிகைக் கேக் பேணியைத் திறந்த வாசம் வரும். அமெரிக்கச் சாராயம் இருந்த பீப்பா என்றால் தேங்காய்ப்பூவும் வனிலாவும். பெரும்பாலும் எஞ்சினியர்தான் தோற்றார்.

எழுபத்தாறாம் ஆண்டு கார்த்திகையில் ஒரே மகன் சில்வெஸ்ரர் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. வள்ளத்தின் ஒரு பலகை மட்டும் மண்கும்பான் கரையில் ஒதுங்கியது. பஸ்ரியாம்பிள்ளை அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தார்: பிள்ளை கரைக்கு வரும்வரை நாக்கில் ஒரு சொட்டு மது படாது. சுவாமியார், செத்தவர்களுக்கு வைக்கும் ஆத்துமப் பூசை பற்றிப் பேச்செடுத்த போதெல்லாம், "நேர்த்தி நிக்குது சுவாமி" என்று எழுந்து வந்துவிடுவார். மேரிஜோசப்பின் என்ற அவர் மனைவி மகனுடைய சாப்பாட்டுப் பீங்கானை ஒவ்வொரு மத்தியானமும் கழுவி மேசையில் வைத்தாள்.

நாலு வருஷத்தில் அவளுடைய கண்ணில் படலம் வளர்ந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்கள். அங்கே தங்க யார் இருக்கிறார்கள்? அப்போதுதான் கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்கு விஸ்கி தெரிந்த ஆள் தேவை, இருக்க அறையும் தருவார்கள் என்று செய்தி வந்தது.

"போத்தலைத் தொடாமல் அந்த வேலை பாக்க ஏலாது" என்றார் அவர்.

"இஞ்சருங்கோ, உங்களை ஆர் குடிக்கச் சொன்னது? மணந்து சொல்லிப்போட்டு வாங்கோ. மூக்குக்கு நேர்த்தி வைக்கேல்லைத்தானே" என்றாள் மேரிஜோசப்பின். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் ஹோட்டல் மனேஜர் கைலாசநாதன் ஆளைச் சோதிக்க நாலு கிளாஸ் விஸ்கி வைத்திருந்தார். முதலாவது ஷெரிப் பீப்பா. இரண்டாவது அமெரிக்கப் பீப்பா. மூன்றாவதில் தார் பூசிய வள்ளத்தின் வாசம். புகையில் காய்ந்த தானியம், அதுவும் அமெரிக்கப் பீப்பா. மூன்றும் சரி.

நாலாவது வாய் திறக்கவில்லை. தேங்காய்ப்பூ போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பலமுறை நிரப்பி இறக்கி வாசம் செத்த ஷெரிப் பீப்பாவாகவும் இருக்கலாம். அந்த மரம் நாக்கின் ஓரத்தில் மட்டும் துவர்ப்பை விட்டுப்போகும். மூக்குக்கு அது எட்டாது.

"என்ன பஸ்ரியாம்பிள்ளை, பூ மாதிரி மணந்துகொண்டு நிக்கிறீர்? குடியும். வேதக்காரருக்கும் இண்டைக்கு விரதமோ?"

"ஒரு நேர்த்தி, ஐயா."

"நேர்த்திக்காரர் ஏன் இஞ்சை வந்தனீர்? மூண்டு போதாது காணும். பிடிபடாத போத்தலுக்குத்தான் எனக்கு ஆள் வேணும்."

பஸ்ரியாம்பிள்ளை கிளாஸைக் கீழே வைத்தார். நாலு வருஷமாகத் தன் நாக்கு ஒன்றுதான் மகனை உயிரோடு வைத்திருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. காலையில் மேரிஜோசப்பின், கதவு நிலையைக் கையால் தடவிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றதும் நினைவில் வந்தது. கிளாஸை எடுத்து ஒரு மிடறு வாயில் வைத்தார். துவர்ப்பு மெல்ல ஊறியது.

"பழைய ஷெரிப் பீப்பா" என்றார்.

"சரி! ஒண்டாந் திகதி மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும், அண்ணை."

பஸ் ஏறுமுன் குழாயடியில் மூன்று முறை வாய் கொப்பளித்தார். துவர்ப்புப் போகவில்லை.

மேசையருகே மேரிஜோசப்பின் இருந்தாள். அவர் ஒன்றும் சொல்லுமுன் அவள் முகம் அவர் பக்கம் திரும்பியது.

"குடிச்சனீங்களோ?"

"ஓம். ஒரு மிடறு. வேலை கிடைச்சிட்டுது."

அவள் கதிரையை விட்டு எழும்பினாள். பிறகு மகனுடைய பீங்கானைத் தடவி எடுத்துத் துடைத்து, அலுமாரியின் அடித்தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்குப் போய்ச் சுவாமியாரிட்டை ஆத்துமப் பூசைக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"பூசை முடிய ஒண்டாந் திகதி கொழும்புக்கு…"

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை" என்றாள். "இனி ஆரைப் பாக்கிறதுக்கு எனக்குக் கண்?"

கொழும்புக்கு அவரும் போகவில்லை.