நூத்தம்பது அக்கா

மடவார் வளாகத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயர் ஞானரத்தினம் என்பதே தெரியாது. மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, தோளில் ஒரு மூட்டையோடு வீடு வீடாக நைட்டி விற்பாள். எதை எடுத்தாலும் நூற்றைம்பது. தெருமுனையில் நின்று கூவிக் கூவி அந்த விலையே அவளுக்குப் பெயராகிவிட்டது. "நூத்தம்பது வந்துட்டா" என்று குரல் கேட்டால் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானும் நூத்தம்பது அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

முன்பு அவள் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட்டில் மெஷினே கதி என்று கிடந்தவள். முதுகு போய்விட்டது. புருஷனும் இல்லை, மகள் வின்சியைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இருந்த கொஞ்சப் பணத்தை முதலாகப் போட்டு வியாபாரத்தில் இறங்கினாள். "செத்தாலும் இனி மெசினுல உக்கார மாட்டேன் தாயி" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும்தான் அவளுக்குச் சோறு போட்டன.

போன வருஷம் பஞ்சு விலை ஏறியது. பஞ்சு ஏறினால் நூல் ஏறும், நூல் ஏறினால் துணி ஏறும். பஞ்சாலைகள் நிறைந்த இராஜபாளையத்துப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டாம். அவள் சரக்கு எடுக்கும் யூனிட்டின் முதலாளி ஐயாதுரை நைட்டிக்கு முப்பது ரூபாய் கூட்டிவிட்டார். ஒரு நைட்டியில் அவளுக்கு லாபமாக நின்றதே அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் நூற்றெண்பது என்று கூவிப் பார்த்தாள். தெருவே கூடிச் சிரித்தது.

"ஏட்டி, ஒம்பேரு நூத்தம்பதுதான? பேர மாத்தணும்னா கெசட்டுல போடணும்ட்டி" என்றாள் எதிர்வீட்டு முத்தாத்தாள்.

"பஞ்சு ஏறிட்டுல்லா மதினி."

"பஞ்சு ஏறுனா ஒனக்கென்ன? நீ பஞ்சா விக்கே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே முத்தாத்தாள் முந்தின வாரம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜவுளிக்கடையில் இருநூற்றைம்பதுக்கு ஒரு நைட்டி வாங்கினாள். ஸ்டிக்கரில் போட்டிருந்ததை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அதைப் போட்டுத் தரும் பைக்கும் தனியாகக் காசு கொடுத்தாள். கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்திருப்பவன் விலையை ஏற்றினால் அது விலைவாசி. வெயிலில் மூட்டை சுமக்கிறவள் ஏற்றினால் அது கொழுப்பு. பஞ்சு ஏற்றம் கடைசியில் இவளைப் போன்றவர்கள் வயிற்றில்தான் அடிக்கிறது. அன்றைக்கு அவள் ஒன்றுகூட விற்காமல் பஸ் ஏறினாள்.

அடுத்த தடவை பழைய விலைக்கே கொண்டுவந்தாள். ஐயாதுரை ஒரு வழி சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சுற்றளவிலும் நீளத்திலும் நான்கு விரல் குறைத்து, பாக்கெட்டையும் எடுத்துவிட்டு, அதே டபுள் எக்ஸெல் லேபிளை வைத்துத் தைத்த சரக்கு அது. முதல் வீட்டில், "செத்த ஒடுக்கமா இருக்கும்" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா எடுத்ததைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டாம் வீட்டிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. மூட்டை காலியாகிவிட்டது.

முதலில் எல்லோரும் தங்களுக்குத்தான் சதை போட்டுவிட்டது என்று நினைத்தார்கள். முத்தாத்தாள் ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினாள். துவைத்ததும் நைட்டி கெண்டைக்காலுக்கு ஏறியது. அப்புறம்தான் பழைய நைட்டியை அதன்மேல் விரித்து அளந்து பார்த்தாள். "நம்ப வச்சுக் கழுத்த அறுத்துட்டா" என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அந்த மாசக் கடைசியில் அக்கா வந்தாள். மூட்டை இல்லை, கூவவும் இல்லை. வீடு வீடாக ஏறி, விற்ற நைட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நூற்றைம்பதைத் திருப்பிக் கொடுத்தாள். வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. முத்தாத்தாள் பணத்தை வாங்கி முடிந்துகொண்டு, "அத தர தொடைக்கப் போட்டாச்சு" என்று நைட்டியைக் கொடுக்காமலே உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

எங்கள் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"எதுக்குக்கா திருப்பிக் குடுத்தீக? துணி வெல ஏறுனதுக்கு நீங்களா பொறுப்பு?"

"தெருவுல தல காட்டணும்லா தாயி."

"அப்பம் அடுத்த வாரம் வருவீகளா?"

"எங்கிட்டு வர? மொதலு அம்புட்டும் இதோட போச்சு. திங்கக்கெழம ஐயாதுரை யூனிட்டுக்குத் தைக்கப் போறேன். மெசினு ஒண்ணு சும்மா கெடக்காம்."

என் கண் அவள் முதுகுக்குப் போனது. "அங்க என்னக்கா தைக்கணும்?" என்று கேட்டேன்.

திரும்பி வந்த நைட்டிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இதத்தான். இந்த அளவுதான் இப்பம் நல்லா ஓடுதாம்."