வயிறு சொன்ன வழி

மலைப்பக்கம் போக வண்டி வேண்டும் என்று அந்த ஆபீஸுக்குப் போன் செய்கிறவர்களிடம் ரூட்டக்கா கேட்கும் முதல் கேள்வி எந்த ஊர் என்பதல்ல. எத்தனை பேர் என்பதும் அல்ல.

"உங்கள்ல யாருக்கு வாந்தி வரும்?"

சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். "ஏங்க, நான் காரு கேட்டேனா, டாக்டரைக் கேட்டேனா?" என்று ஒருத்தர் எகிறினார். "என்கிட்ட இப்பவே உண்மையச் சொல்லிட்டா டாக்டர் தேவைப்படாதுங்க" என்றாள் இவள். "அவருக்குத்தாங்க வரும்!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கத்தியது.

வாடகைக் கார் ஆபீஸ் டயர் கடைக்கு மேலே இருந்தது. இரும்புப் படி ஏறினால் நீளமான ஒற்றை அறை. கீழேயிருந்து ரப்பர் நாற்றம் ஏறி வந்து, வாடிக்கையாளருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். ரூட்டக்கா அங்கே சேர்ந்தது போன் எடுக்க. வண்டி இருக்கிறது, வண்டி இல்லை, இந்த இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் கேட்கிறவர்கள் அதோடு விடுவார்களா? "சனி ஞாயிறு பக்கத்துல எங்கயாவது போகலாமான்னு பாக்கிறோம், எங்க போகலாம்?" என்பார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி அவர்களை விட இவளுக்கு மனசு வரவில்லை. இப்படிப் போங்கள், இந்தப் பாலத்துக்கிட்ட நில்லுங்கள், சாப்பாட்டை ஏறுவதற்கு முன்னால் முடியுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். போய்வந்தவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். கொஞ்ச காலத்தில், "வண்டி எதுவானாலும் பரவாயில்ல, ரூட்டு போடுற அக்கா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஆபீஸ் வாசலில் அவர் பேர்தான் பெரிதாக எழுதியிருக்கிறது. கேட்பது என்னவோ ரூட்டக்காவை.

அவள் வேலை செய்யும் விதம் தனி. தான் போகாத பாதையில் யாரையும் அனுப்பமாட்டாள். போகும்போது பின்சீட்டின் நடுவில்தான் உட்காருவாள். ஜன்னலும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. வண்டியிலேயே கெட்ட சீட் அதுதான். அங்கே உட்கார்ந்து அவள் வயிறு தாங்கினால் அந்தப் பாதை யாருக்கும் ஆகும். அவளுக்கோ சின்ன வயசிலிருந்தே பஸ் ஸ்டார்ட் ஆனாலே வயிறு புரளும். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கையில் பிளாஸ்டிக் பையோடு போனவள் என்பதால் தங்கை வைத்த பட்டப்பேர் 'கவர்'. பெரியவளான பிறகும், கோபம் வந்தால் தங்கைக்கு அந்தப் பேர்தான் வாயில் வரும்.

பாதை பார்க்கப் போகும்போது வண்டி ஓட்டுகிறவர் ஒரே ஒருத்தர். மற்ற டிரைவர்கள் அவருக்கு ஆமை என்று பேர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்ததுதான், அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். "முயல் எல்லாம் ஒர்க்ஷாப்ல நிக்குது, ஆமை ரோட்ல போகுது" என்பார். வயிற்றில் முதல் அலை எழும்பியதும் ரூட்டக்கா அவர் தோளைத் தட்டுவாள். வண்டி நிற்கும். இறங்குவாள். வயிற்றைப் புரட்டிக்கொண்டு இறங்குகிற ஆள் என்ன செய்வார்? கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குப் பார்வையை அனுப்பிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார். அப்படி நின்றபோதுதான் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பள்ளத்தாக்கில் மேகத்தின் நிழல் வயல் வயலாகத் தாண்டிப் போவதை, பாறையிடுக்கில் ஒழுகும் நீரை, தகரக் கூரைகள் வெயிலில் பளிச்சிடும் சின்ன ஊரை.

ஆபீஸ் சுவர் முழுக்க மாட்டியிருக்கும் அழகான மலைக் காட்சிகளில் பாதிக்கு மேல் ரூட்டக்கா வாந்தி எடுக்க இறங்கிய இடங்கள். இது அவளுக்கும் ஆமைக்கும் மட்டும்தான் தெரியும்.

"இந்த இடமெல்லாம் எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?" என்று வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"தேடிப் போனா கிடைக்காதுங்க. அதுவா வரும்" என்பாள் முகத்தில் சலனமில்லாமல். ஆமை அந்த நேரம் பார்த்துப் படியிறங்கிப் போய்விடுவார். சிரிப்பதற்கு.

இந்த வயிறு அம்மா கொடுத்தது. அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே இரண்டு பெண்களை ஆளாக்கியவள். ஊரில் எந்தப் பையன் எந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தான் என்பது பெற்றவளுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். யாருக்கும் தலைகுனியாதவள் ஒரே ஒரு விஷயத்தில் தோற்றுப்போனாள். இளைய மகள் கல்யாணமாகி மலை ஊருக்குப் போனபோது கூடவே அம்மாவும் பஸ்ஸில் ஏறினாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கிவிட்டாள். கீழே வந்த பால் வண்டியில் திரும்பி வந்தவள் அதற்குப் பிறகு மலை இருக்கும் திசைப்பக்கமே திரும்பவில்லை. மகள்தான் கீழே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். தங்கை மேலே தபால் ஆபீஸில் வேலை. அவள் வீட்டுக்காரர் மின்சாரக் கம்பி பழுது பார்க்கிறவர். "நான் கம்பத்துலயே ஏறுறேன், அத்தை கார்ல ஏற மாட்டேங்கிறாங்க" என்பது அவருடைய பழைய ஜோக்.

இப்போது தங்கை சொந்தமாக வீடு கட்டி முடித்திருந்தாள். திரைச்சீலை எல்லாம் அம்மா தைத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்பியதுதான். ஊரில் வேறு யாரும் தொடாத ஆரஞ்சுத் துணி. ஒருநாள் தங்கை போனில் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா கண்ணால பாக்காத வீடு எனக்கு வீடாக்கா? ஊருக்கெல்லாம் ரூட்டு போடுற. பெத்தவளுக்கு ஒரு ரூட்டு போட முடியல உனக்கு. பேசாம அந்த ரூட்டக்காங்கிற பேரைக் கழட்டி வெச்சிடு, கவர்."

சுருக்கென்று தைத்தது. வாடிக்கையாளர் யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள். இதற்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் உண்மை. யார் யார் வீட்டு மாமியாரையோ மேலே கொண்டுபோய்ப் பத்திரமாக இறக்கியவள், தன் அம்மாவை அடிவாரம் வரைகூடக் கொண்டுபோனதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. பஸ் போகும் பாதை குறுக்கு வழி, ஆனால் குடலைப் பின்னியமாதிரி வளைவு. அதை ஒதுக்கினாள். மலையின் முதுகுப்பக்கமாக, உருளைக்கிழங்கு வயல்களும் ஆட்டுப் பட்டிகளும் ஏரியுமாக ஒரு பழைய பாதை சுற்றிப் போனது. தூரம் அதிகம், ஏற்றம் இதம். நடுவில் ஆற்றுப் பாலத்தடி ஊரில் இரவு தங்கல். மறுநாள் சூரியன் முகட்டைத் தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும். அதற்கு முன் ஏறினால் மர நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் அடித்து, அதுவே தலையைச் சுற்றவைக்கும். வளைவுக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நிறுத்தம், பின்னால் அல்ல. கெட்ட சீட்டில் உட்கார்ந்து தானே போய்ப் பார்த்தாள். வயிறு தாங்கியது.

மாப்பிள்ளை போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு மணி நேர வழிக்கு ரெண்டு நாளா? அக்கா, அத்தையைக் கூட்டிட்டு வர்றீங்களா, இல்ல மலையையே கீழ இறக்கிட்டு வர்றீங்களா?"

"பதறாத காரியம் சிதறாது மாப்பிள்ளை. நீங்க வாசல்ல நின்னா போதும்."

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் மலை ஏறுவதைவிடப் பெரிய பாடாக இருந்தது. கடைசியில் ஒரு வாக்கு கொடுத்தாள். "எந்த இடத்துல நீ போதும்னு சொல்றியோ, அந்த இடத்துல வண்டியைத் திருப்பிடுவேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

முதல் நாள் அம்மா, முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கப் பயந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். வயல்காட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தாள். ஆட்டு மந்தை குறுக்கே போனபோது இரண்டையும் திறந்தாள். "எல்லாம் ஒரே அளவு எடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு பாரு" என்றாள். ஆமை மந்தை போய் முடியும்வரை எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "தம்பி, நீங்க எங்கிருந்து கத்துக்கிட்டீங்க இந்த நிதானத்தை?" "பயத்துலேருந்தும்மா." அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். ஏரிக்கரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ரூட்டக்காவுக்குத் தன் பெருமையைக் கட்டிப்போடத் தெரியவில்லை. தங்கைக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஏறினார்கள். முதல் நிறுத்தம், சரி. இரண்டாவது, சரி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், எந்தத் திட்டத்திலும் இல்லாத ஓர் இடத்தில், அம்மாவின் கை எழுந்து ஆமையின் தோளைத் தட்டியது.

ஓரத்தில் இடுப்பளவு கல் கைப்பிடிச் சுவர். அதைப் பிடித்துக்கொண்டு அம்மா குமட்டினாள். மஞ்சள் தண்ணீர் மட்டும்தான் வந்தது. அதைப் பார்த்ததும் ரூட்டக்காவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த விஷயத்தோடு வாழ்கிறவள் அல்லவா?

"அம்மா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில?"

அம்மா தன் பையைக் காட்டினாள். உள்ளே இரண்டு வேளை ரொட்டியும் காகிதத்தில் சுற்றியபடியே இருந்தது. "வயித்துல ஒண்ணும் இல்லன்னா என்ன வந்துடும்னு நெனச்சேன். வண்டி சீட்டு புதுசா இருக்கு. உன் ஆபீஸ் வண்டி. நான் அசிங்கம் பண்ணி வெச்சா உனக்குத்தான கெட்ட பேரு?"

வெறும் வயிறுதான் முதல் எதிரி என்று போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் படித்துப் படித்துச் சொல்கிறவள், வீட்டில் சொல்ல மறந்துவிட்டாள். தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள். சூரியனைக் கணக்கு பார்த்தாள், நிழலைக் கணக்கு பார்த்தாள், அம்மாவின் ரோஷத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"போதும்மா. திருப்பச் சொல்லு" என்றாள் அம்மா.

ரூட்டக்காவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கொடுத்த வாக்கு வாக்குதான்.

"அண்ணே, திருப்புங்க."

ஆமை அவளை ஒரு பார்வை பார்த்தார். திருப்ப அகலம் இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்ச தூரம் நடந்தார். அம்மா சுவரில் சாய்ந்து, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குப் பார்வையை அனுப்பிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சரிவில் மலை ஊர் வெயிலில் கிடந்தது. அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அது என் துணி."

"எதும்மா?"

"அங்க பாரு. கடைசி வரிசையில, ஆரஞ்சு. அந்தத் துணியை வேற யாரு வாங்குவா?"

ரூட்டக்கா தங்கைக்குப் போன் போட்டாள். "எந்த ஜன்னலா இருந்தாலும் சரி, பள்ளத்தாக்குப் பக்கத் திரையை ஆட்டுடீ!" ஒரு நிமிஷம். எதிர்ச்சரிவில் அந்த ஆரஞ்சுப் பொட்டு விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. போனில் தங்கை "தெரியுதா? தெரியுதாம்மா?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அம்மா அழுவாள் என்று நினைத்தாள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது."

"என்னது?"

"திரை. அடியில வெளிச்சம் தெரியுது பாரு. மாப்பிள்ளை சொன்ன அளவை நம்பித் தைச்சேன். கம்பத்துல ஏறத் தெரிஞ்சா போதுமா, டேப்பு பிடிக்கத் தெரிய வேணாமா?"

திரும்பி வந்த ஆமைக்கு ஒன்றும் புரியவில்லை. "திருப்ப இடம் இருக்கும்மா. திருப்பவா?"

"இருங்க தம்பி." அம்மா சுவரில் ஏறி உட்கார்ந்தாள். பையைத் திறந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். "அப்படியே விட்டுட்டுப் போனா அது என் கைவேலைன்னு ஊர் பூரா பாக்கும். தையலை அவுத்து மறுபடி அடிக்கணும்." ரூட்டக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ரொட்டி தீர்ந்ததும் அம்மா தானாகவே எழுந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். "நீ பின்னால போ, உனக்குத்தான் அந்தக் கெட்ட சீட்டு பழக்கம்."

வாசலில் தங்கையும் வீட்டுக்காரரும் நின்றார்கள். தங்கை அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அம்மா அவள் தோளுக்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்து, "ஊசி நூல் இருக்கா வீட்ல?" என்றாள். அன்று சாயங்காலம் வீட்டுத் திரை எல்லாம் கீழே இறங்கின. தங்கை அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, "ரூட்டு நல்லாத்தான் போட்டிருக்க" என்றாள். கவர் என்று சொல்லவில்லை.

அந்தக் கல் சுவர் இப்போது ரூட்டக்காவின் மலைப் பயணத்தில் மூன்றாவது நிறுத்தம். முன்பு மூன்றாவதாக இருந்தது நான்காவதாகிவிட்டது. அங்கிருந்து எடுத்த படம் ஆபீஸ் சுவரின் நடுவில் தொங்குகிறது. அம்மா தையல் கடைக்கு வருகிறவர்களிடம், "என் பொண்ணு ஆபீஸ்ல போய்ப் பாருங்க, நடுவுல இருக்கிறது என் இடம்" என்று சொல்லி அனுப்புகிறாள். போனில் கேட்கும் முதல் கேள்விக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "அவங்க நெஜமாவே சாப்பிட்டாங்களா, இல்ல சாப்பிட்டேன்னு சொன்னாங்களா?"

போன வாரம் மலையிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் சாவி கொடுக்க வந்தது. அந்தப் பெண் படத்தைக் காட்டி, "நாள் பூரா அங்கயே உக்காந்திருக்கலாம் போல இருந்துச்சு. நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?" என்றாள்.

"இல்லைங்க. எங்கம்மா."

"அப்படியா? அவங்களும் இந்தத் தொழில்லதான் இருக்காங்களா?"

ரூட்டக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாங்க. எங்களுக்கு இது பரம்பரைத் தொழில்."

ஆமை வேகமாகப் படியிறங்கிப் போனார். வாழ்க்கையிலேயே அவர் வேகமாகப் போனது அன்றுதான்.