மாமா செய்த ஏணி

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில் "காரணம்" என்று பெயர். வந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார்கள். "காரணம் வந்தாச்சா?" "காரணம் டீ குடிக்கப் போயிருக்கு." அவர் காதிலும் விழும். அது தன்னைத்தான் என்பது மட்டும் இன்றுவரை அவருக்குத் தெரியாது.

நாற்பது வயதில் வெல்டிங் கற்றுக்கொள்ள வந்த மனிதர். அதற்கு முன் செல்போன் ரிப்பேர், அதற்கு முன் ஏசி மெக்கானிக், அதற்கும் முன் ஏதோ ஏஜென்சி. எந்த வேலையையும் அவர் விட்டதில்லை, எல்லா வேலையும் அவரை விட்டுவிட்டன. "இதுவாவது நிலைக்கணும்டா" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கிரைண்டிங் பார்க்கும் பட்டறையிலேயே, ஃபோர்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி, மூன்று மாதச் சோதனைக்கு அவரைச் சேர்த்துவிட்டேன். அதற்குள் கை தேறினால் வெல்டர், தேறாவிட்டால் வீடு. இதுதான் பேச்சு.

மிக் வெல்டிங் மெஷின் ஒன்றும் பூதமல்ல. டார்ச்சின் விசையை அழுத்தினால் வயர் தானாக வரும், உருகி இரும்போடு சேரும், கூடவே கேஸ் வந்து காற்றுப் படாமல் காக்கும். கை நிதானமாக இருந்தால் எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். மாமா போட்டால் பட், பட், டுப் என்று வரும். மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தால் இரும்பின் மேல் காக்கை எச்சம்.

"வயர் சரியில்ல மச்சான்" என்பார். வயரை மாற்றினோம். "கரண்ட் ஏறி இறங்குது." பக்கத்து மெஷினில் அதே கரண்டில் இன்னொருவர் நூல் பிடித்த மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். "இந்த டார்ச் இடதுகைக்காரனுக்குச் செஞ்சது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் மாமாவுக்குக் கூடம், மேளம், சலங்கை எல்லாமே கோணல்.

அவர் போட்ட இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக இருக்கும். காரணம் எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வியர்க்கிறது என்று ஸ்டாண்ட் ஃபேனை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அந்தக் காற்று கேஸை எல்லாம் ஊதித் தள்ளிவிடும், கேஸ் இல்லாத இரும்பு சல்லடையாகத்தான் ஆகும். போதாததற்கு, துருவைச் சுரண்ட மாட்டார். டார்ச்சை ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கையை ஓட்டுவார். வெல்டு இரும்பைக் கவ்வாமல் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "மாமா, ஃபேனை அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்களேன்."

"எனக்கு வேலை சொல்லிக்குடுக்க நீ வந்துட்டியா?" என்றவர், அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை அக்கா போனில் அழுதாள். "மரியாதை இல்லாமப் பேசுனியாமே? என்ன இருந்தாலும் அவர் உனக்கு மாமாடா!"

அதோடு வாயை மூடிக்கொண்டேன். கையை மூடவில்லை, அதுதான் தப்பு. அவர் போட்டது எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கிரைண்டரைப் பிடித்து எச்சத்தைத் தேய்த்து, பொத்தல் தெரியாமல் வழித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்கு நன்றாகவே வந்தது. "பாத்தியா, என் கைவேலை" என்று மாமா அதைத் தடவிப் பார்ப்பார். இந்த மனிதருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

மூன்றாவது மாதம் ஒரு கிடங்குக்கு ஏணிகள் ஆர்டர் வந்தது. முதல் ஏணியை மாமாவிடம் கொடுத்தார் ஃபோர்மேன். எட்டுப் படி, இரண்டு ஆள் உயரம். எங்கள் பட்டறையில் ஏணிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெல்டு வைத்தவன்தான் முதலில் ஏற வேண்டும், உச்சிப் படிவரை, எல்லோரும் பார்க்க. மாமாவின் சோதனை இதுதான் என்று சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

வழக்கம்போல் அவர் போட்டார், நான் தேய்த்தேன். நாலாவது படியில் தேய்க்கத் தேய்க்கப் பொத்தல் வந்துகொண்டே இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்காவின் முகம் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் தேய்த்து, பெயிண்ட் அடிக்க அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஏணியைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கூடினார்கள். ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொண்டு, "ஏறுங்க" என்றார்.

மாமா ஏணியை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "காலையிலேருந்து மூட்டு புடிச்சிருக்கு சார். மச்சான் ஏறட்டும். அவன்தான் ஒல்லி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏணிப் பக்கம் போனேன். மாமா ஏணியைப் பிடித்துக்கொள்கிற சாக்கில் என் காதருகே வந்தார்.

"நாலாவது படியில மட்டும் ஓரமா கால் வைடா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றும் தெரியாத அப்பாவி என்று மூன்று மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள்! எத்தனையாவது படி என்பதுவரை எண்ணி வைத்திருக்கிறார். தெரிந்தே என்னை ஏற்றிவிடப் பார்க்கிறார். மாமாவாவது மண்ணாங்கட்டியாவது. பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்தேன். நாலாவது படியில் ஒரே போடு. படி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கவ்வாத வெல்டு தோல் மாதிரி உரிந்து வந்தது.

ஃபோர்மேன் மாமாவைப் பார்த்தார். மாமா ஒரு நொடிகூடத் திணறவில்லை.

"மச்சான் ரொம்பத் தேச்சுட்டான் சார். அதான் வெல்டு மெலிஞ்சுபோச்சு."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை. சுத்தியலை அவர் மேலேயே எறியலாம் போலிருந்தது. ஆனால் ஃபோர்மேன் உடைந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். அங்கே பெயிண்டுக்கு அடியில் வரிவரியாக என் கிரைண்டர் தடம். மாமா வாழ்க்கையில் சொன்ன காரணங்களில் பாதியாவது உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

"கெட்ட வெல்டு போட்டவரை நான் மன்னிச்சுடுவேன், ஆளு புதுசு" என்றார் ஃபோர்மேன் என்னைப் பார்த்து. "அதைப் பூசி மெழுகினவனை என்ன பண்றது? இன்னும் ஒரு மாசம் ரெண்டு பேருக்கும் டைம். இவர் போட்டதுல கிரைண்டர் படக்கூடாது, போட்டது போட்டபடி நிக்கணும். அப்புறம், இவர் செய்யற ஏணியில நீதான் முதல்ல ஏறணும்."

கழுத்துக்குக் கத்தி வந்த பிறகு மரியாதை எங்கே நிற்கும்? அன்று சாயங்காலமே ஃபேனை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். "துருவைச் சுரண்டுங்க. கிட்டப் பிடிங்க. எங்க ஓடுறீங்க, எவன் துரத்துறான்? சத்தத்தைக் கேளுங்க மாமா, சத்தத்தை!" மாமா உர்ரென்று முறைப்பார். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தும் பார்த்தார். அக்கா போன் செய்தாள். நாலாவது படியின் கதையை அவளுக்கு முழுசாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரை யாரும் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சவில்லை, மூன்றாம் நாள் அவராகவே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம்.

தினமும் இரண்டு இரும்புத் துண்டை ஒட்டுவார், நான் சுத்தியலால் உடைப்பேன். உடைந்த இடத்தை இருவரும் குனிந்து பார்ப்போம். முதலில் ஒரே அடியில் போனது. பிறகு நாலு அடி தாங்கியது. பொத்தல் குறைந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள், பட் பட் என்கிற சத்தம் நின்று பொரிகிற சத்தம் வந்தது. எனக்குக் கையிலிருந்த வேலையே ஓடவில்லை. அந்தத் துண்டு வளைந்ததே தவிர உடையவில்லை. மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை நான். சொன்னால் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

மாதக் கடைசியில் ஏணி சுவரில் சாய்ந்து நின்றது. மேடும் பள்ளமுமாக, கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி வெல்டு. பார்க்க லட்சணமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. மறுபடியும் கூட்டம். முதல் படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

"எந்தப் படியில மாமா ஓரமா கால் வைக்கணும்?"

சிரிப்பு எழுந்தது. மாமா சிரிக்கவில்லை. கீழிருந்து ஒவ்வொரு படியாக, இரண்டு பக்கமும், விரலை நீட்டி எண்ணினார். உச்சிவரை போய்த் திரும்பி வந்தார். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது.

"எங்க வேணாலும் வைடா" என்றார்.

நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஏறினேன். நாலாவது படியில் நின்று, நட்ட நடுவில், வேண்டுமென்றே இரண்டு முறை குதித்தேன். கீழே மாமா ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.