ஆளுக்கொரு காது

இரண்டாம் வகுப்பு போகும்வரை என் மகளுக்குக் காது குத்தவில்லை. நாத்திகம் இல்லை, வசதிக் குறைவும் இல்லை. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அவளுக்கு அப்படி இரண்டு மடிகள் இருந்தன. அந்த இரண்டு மடிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

என் அண்ணன் குமராட்சிப் பக்கம் கொள்ளிடக்கரையில் நெல் போடுகிறவர். வெள்ளம் வந்தால் ஆற்றைத் திட்டுவார், வராவிட்டால் வானத்தைத் திட்டுவார், இரண்டும் சரியாக இருக்கும் வருஷம் திட்டுவதற்கு ஆளைத் தேடுவார். என் தம்பி கடலூரில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். மாமனார் வீட்டு மாடியில் குடியிருப்பவன். நடுவில் நான். வயதிலும் நடு, ஊரிலும் நடு. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில், ஜன்னலைத் திறந்தால் வேப்பம்பூ உதிர்கிற வீட்டில், போனைக் காதிலிருந்து எடுக்க நேரமில்லாமல் இருந்தேன். "அவன்கிட்ட சொல்லு" என்று ஒரு போன். "அவருகிட்ட சொல்லுக்கா" என்று ஒரு போன். குத்திய என் இரண்டு காதுக்கும் ஓய்வே கிடையாது.

சண்டை தொடங்கியது ஒரு கல்யாணப் பந்தியில். என் மகள் அப்போது கைக்குழந்தை. தம்பி தாமதமாக வந்து இலையில் உட்கார்ந்தான். எதிர் வரிசையிலிருந்து அண்ணன், சாம்பார் வாளிக்காரரும் நின்று கேட்கும் குரலில், "என்னாடா, மாமனார் வீட்டுல இப்பதான் அவுத்து வுட்டாங்களா?" என்றார்.

பந்தியே சிரித்தது. இன்னும் எச்சில் படாத இலையை மூடி வைத்துவிட்டுத் தம்பி எழுந்து போனான். கல்யாண மண்டப வாசலில் அவன் செருப்பைத் தேடிய வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"வெளையாட்டுக்குச் சொன்னது" என்பது அண்ணனின் கட்சி. "தப்புன்னு ஒரே வார்த்தை சொல்லட்டும்" என்பது தம்பியின் கட்சி.

அந்த ஒரு வார்த்தை எங்கள் குடும்பத்தில் புழக்கத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். எங்கள் அப்பா காலையில் காரணமில்லாமல் கத்துவார். சாயங்காலம் பேப்பரில் மடித்த பக்கோடாப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "சூடா இருக்கு" என்பார். அதுதான் மன்னிப்பு. எண்ணெய் ஊறிய பேப்பரில், வெங்காய வாசனையோடு, மொறுமொறுவென்று வருகிற மன்னிப்பு. நாங்கள் மூவரும் அதைத் தின்று வளர்ந்தோம். கோபம் வாயால் வெளியே போகும், வருத்தம் வயிற்றுக்குள் வரும். அதற்குமேல் பேச்சு கிடையாது.

அண்ணனும் அப்பா வழியிலேயே போனார். அறுவடை முடிந்ததும் புது அரிசி ஒரு மூட்டை, மினி பஸ்ஸில் ஏறி, டவுன் பஸ் மாறி, கடலூர் போய்ச் சேர்ந்தது.

"அக்கா, அரிசி வந்துச்சு. வார்த்தை வரல" என்றான் தம்பி போனில்.

"அரிசியத் திருப்பி அனுப்பிட்டியா?"

"சாப்பாட்டு மேல என்னாக்கா கோவம்?"

இப்படி வருஷத்துக்கு ஒரு மூட்டை அரிசி போய்க்கொண்டிருந்தது. வார்த்தை போகவில்லை. என் மகளின் காது மூளியாகவே இருந்தது. குவார்ட்டர்ஸ் பெண்கள் அவள் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏன் இப்படி வச்சிருக்கீங்க?" என்பார்கள். தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்டு நிறுத்தினால், எல்லாம் எழுதி முடித்துப் புள்ளி வைக்க மறந்த மாதிரி நிற்பாள்.

அவளுக்கோ அந்த வருஷம் வேறொரு பைத்தியம். பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பொய் சொன்னவரோ, இன்னொரு பிள்ளையை அழ வைத்தவரோ, அந்தப் பிள்ளையின் எதிரில் நின்று, கண்ணைப் பார்த்து, சாரி சொல்ல வேண்டும். தரையைப் பார்த்துச் சொன்னால் செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து.

இந்தச் சட்டத்தை என் மகள் புத்தகப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி மறந்த அவள் அப்பாவை ஹாலின் நடுவில் நிறுத்தினாள். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார். செல்லவில்லை. ஃபேனைப் பார்த்துச் சொன்னார். செல்லவில்லை. மூன்றாவது தடவை குனிந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னபோது அவர் காது சிவந்திருந்தது.

"ஆபீஸ்ல கூட என்ன யாரும் இப்படி நிக்க வச்சதில்ல" என்று அடுக்களையில் வந்து முணுமுணுத்தார்.

"பக்கோடா வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"வாங்கிட்டு வந்தேன். அதத் தின்னுட்டுத்தான் நிக்க வச்சா."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிள்ளையை நாம்தான் வளர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் தூங்கும்போது டீச்சர் வளர்க்கிறார், பக்கத்து வீட்டுச் சண்டை வளர்க்கிறது, ஆட்டோவில் நெருக்கியடித்து உட்காரும் மற்றப் பிள்ளைகள் வளர்க்கிறார்கள், நம் முகத்தில் நாமே பார்க்காத ஒரு சுளிப்பு வளர்க்கிறது. எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போடுகிறார்கள். செடி எந்தப் பிடியில் வேர் விட்டது என்று தோண்டிப் பார்க்கவா முடியும்?

ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள்.

"ம்மா, எனக்கு எப்ப கம்மல்?"

"ரெண்டு மாமாவும் பேசினதுக்கு அப்புறம்."

"யாரு மடியிலன்னுதான சண்டை?"

"கிட்டத்தட்ட அதான்."

"ரெண்டு காது இருக்குல்ல? ஆளுக்கு ஒன்னு."

அவள் வகுப்பில் இரண்டு பெண்களுக்கு லீடராக ஆசையாம். மத்தியானச் சாப்பாடு வரை ஒருத்தி, அதற்குப் பிறகு ஒருத்தி என்று டீச்சர் பிரித்துவிட்டாராம். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன்.

"ஆளுக்கு ஒரு காதா? இது என்னா, பாகப் பிரிவினையா?" என்றார் அண்ணன். கத்திய மாட்டை ஒரு அதட்டு அதட்டினார். "சரி. வலது எனக்கு."

தம்பிக்கு போன் போட்டேன். "வலத அவரே வச்சுக்கட்டும். இடது பக்கந்தான் இதயம் இருக்கு" என்றான்.

கம்மல் மாமன் சீர். இருவரும் ஜோடியாகத்தான் எடுப்பேன் என்றார்கள். அண்ணன் சிவப்புக்கல், தம்பி முத்து. எதைப் போடுவது? ஆளுக்கு ஒற்றை. என் மகளுக்கு அதில் குறையே தெரியவில்லை. வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் வெள்ளை என்று வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தாள்.

குமராட்சிப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம், ஒரு அய்யனார். முன்னால் ஆளுயர மண்குதிரை ஒன்று, மூக்கு உடைந்து, எங்களையெல்லாம் மன்னித்துவிட்ட முகத்தோடு நிற்கும். தை மாதத்து வெயில். ஜமுக்காளம் விரித்திருந்தது. அண்ணன் ஒரு மூலை, தம்பி ஒரு மூலை. இருவருக்கும் நடுவில் என் கணவர், எல்லைக்கல் மாதிரி.

"மாப்ள, அந்த ஆளக் கொஞ்சம் நவுந்து ஒக்காரச் சொல்லு. வெயில மறைக்கிறாரு" என்றார் அண்ணன்.

"மாமா, வெயில யாரும் மறைக்க முடியாதுன்னு சொல்லுங்க" என்றான் தம்பி.

"எனக்கு வெயில் பரவால்ல" என்றார் என் கணவர், இருவருக்கும் பொதுவாக.

மகள் அண்ணன் மடியில் ஏறினாள். காது குத்த வந்த பத்தர் பெட்டியைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. "வலிக்குமா?" என்றாள். அங்கிருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில், பல வருஷம் ஒத்திகை பார்த்த கோரஸ் மாதிரி, "எறும்பு கடிச்ச மாதிரி" என்றோம். அண்ணன் ஒரு படி மேலே போனார்.

"பெரிய மாமா சத்தியமா சொல்றேன். எறும்பு கூட இல்ல. எறும்போட குட்டி."

பத்தர் குத்தினார்.

அவள் கத்திய கத்தலில் புளியமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த ஊருக்குப் போயின. வலது காதில் சிவப்புக்கல் மின்னியது. பத்தர் அடுத்த காதுக்குத் திரும்புவதற்குள் அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, ஓடி, மண்குதிரையின் நான்கு கால்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொன்னு வேணாம். போதும்."

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு, சிரிப்பு எந்தப் பக்கம் போய் விழுகிறது என்று தெரிந்து, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஜமுக்காளத்தின் மறுமூலையில் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் புதுத் துண்டை விரித்து, ஓரங்களை நீவிவிட்டு, உள்ளங்கையில் ஒற்றை முத்துக் கம்மலை வைத்துக்கொண்டு. அண்ணன் காது முடிந்தது. இவன் காது ஓடிப்போய்விட்டது. ஊரே பார்க்க இன்னொரு முறை, பரிமாறுவதற்கு முன்பே மூடுகிற இலை. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். அந்தத் துண்டை அவன் மடித்தால் முடிந்தது. இந்த ஜென்மத்துக்கு இரண்டு வீடும் ஒன்றாகாது.

யாரைவிடவும் முதலில் அண்ணனுக்கு அது புரிந்தது. எழுந்து வேகமாகக் குதிரையிடம் போனார்.

"வாம்மா தங்கம். சின்ன மாமா காத்துக்கிட்டு இருக்காரு பாரு. சாக்லேட் வாங்கித் தரேன்."

"வேணாம்."

"கன்னுக்குட்டி தரேன். ஒனக்கே ஒனக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். குவார்ட்டர்ஸில் எங்கே கட்டுவது என்று நானும் யோசித்தேன்.

"வேணாம். நீங்க பொய் சொன்னீங்க. சாரி சொல்லுங்க."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "அது... வெளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"வெளையாட்டுக்குச் சொன்னா எனக்கு ஏன் வலிக்குது?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். என் கணவர் மேல்துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அண்ணன் திரும்பித் தம்பியைப் பார்க்கவில்லை. ஆனால் திரும்பாமலிருக்க அவர் கழுத்து பட்ட பாடு எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மூட்டை மூட்டையாக அரிசி அனுப்பியும் நகராத ஒன்றை, குதிரையின் வயிற்றுக்குக் கீழிருந்து ஒரு குழந்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டாள்.

அவர் வேட்டியை மடித்துக் குந்தினார். குதிரையின் குளம்பைப் பார்த்து, "சாரி" என்றார்.

"தரையப் பாத்துச் சொன்னா செல்லாது."

"வேற எங்கதான் பாக்கறது?"

"என் கண்ண."

பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு தலையைக் குதிரைக்கு அடியில் நுழைத்தார். "சாரிம்மா. வலிக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் அப்பாவின் தொண்டையில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும், பக்கோடா அடைத்துக்கொண்டிருந்திருக்கும்.

ஜமுக்காளத்திலிருந்து தம்பி, யாரிடமும் இல்லாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "பரவால்லியே. பள்ளிக்கூடம் போற புள்ளைக்கு மட்டுந்தான் கெடைக்கும் போல."

குதிரைக்கு அடியிலிருந்து அண்ணன் குரல் நேராகப் போனது. என் கணவரைச் சுற்றிக்கொண்டு போகவில்லை.

"டேய், ஒனக்கும் வேணும்னா எழுந்து வாடா. ஒரேடியா முடிச்சுடறேன்."

தம்பி எழ முயன்றான். முடியவில்லை. அவ்வளவு நேரம் அசையாமல் சம்மணம் போட்டதில் இரண்டு காலும் மரத்துவிட்டிருந்தன. "கால் மரத்துப் போச்சுண்ணே" என்றான், தன்னையறியாமல், சின்ன வயதில் சொல்வது போலவே.

"இதுல ரோஷம் வேற" என்று அண்ணன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, தம்பி மடியில் விரித்த துண்டின் மேல் உட்கார வைத்தார். எதிரே மண்டியிட்டு, அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணன் முகமும் தம்பி முகமும் ஒரு சாண் தூரத்தில். வேறெங்கும் பார்க்க இருவருக்கும் இடமில்லை.

"வலிக்குமா?" என்றாள் மகள்.

"வலிக்கும். முன்னத்த விட ஜாஸ்தியாவே வலிக்கும்" என்றான் தம்பி.

"சரி" என்று அவள் கண்ணை மூடினாள்.

பத்தர் காது மடலை இழுத்துப் பிடித்தார். அண்ணன் தம்பியின் கண்ணைப் பார்த்தார். "சாரிடா" என்றார்.

பத்தர் குத்தினார். மகள் கத்தினாள். காக்கைகள் ஏற்கெனவே போய்விட்டதால் பறக்க எதுவும் இல்லை. தம்பி அவளை மார்போடு அணைத்துக்கொண்டு முதுகைத் தட்டினான். முத்து சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அவன் கண் நிறைந்திருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"சத்தத்துல சரியாக் கேக்கலண்ணே. இன்னொரு தடவ சொல்லு."

நன்றாகவே கேட்டிருந்தது. ஒரு சாண் தூரத்தில் எது கேட்காது?

அண்ணன் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அதுக்கு இவளுக்கு மூணாவதா ஒரு காது இருக்கணும்டா."